ரிஸ்க்-ஃபைவ் போர்டில் திறந்திருப்பது எது?

செம்புக்கம்பி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு ரிஸ்க்-ஃபைவ் போர்டு (ஒரே பலகையில் அடங்கிய சின்னக் கணினி) வாங்கினேன். நான்கு கோர், 8 ஜிபி ரேம். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். வீட்டுக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சின்ன சர்வராக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் வழக்கம்போல அப்டேட் கொடுத்தேன். கர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) சேர்ந்து மாறியது. ரீபூட் செய்தபின் திரையில் ஒன்றும் வரவில்லை, நெட்வொர்க்கிலும் போர்டைக் காணவில்லை. விற்றவர்களின் தளத்தில் இருக்கும் இமேஜ் நான் வாங்கிய நாளில் இருந்த அதே இமேஜ்தான். அவர்களுடைய கர்னல் கிளையில் கடைசியாக யாரோ கை வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை.

"திறந்த தரநிலைச் சிப்" என்ற ஒரே காரணத்துக்காக, இதைவிட வேகமான ஆர்ம் (கைபேசிகளில் இருக்கும் சிப் வகை) போர்டை விட்டுவிட்டு இதை எடுத்தேன். இப்போது கையில் இருப்பது சாவி தொலைந்த பெட்டி. இதில் உண்மையில் திறந்திருப்பது எது? தெரிந்தவர்கள் விளக்குங்கள். போர்டை மீட்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எழுத்தாணி எழுதியது:

நல்ல கேள்வி. "திறந்த" என்ற ஒரே சொல்லை நாலு இடத்தில் நாலு பொருளில் பயன்படுத்துகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ரிஸ்க்-ஃபைவ் என்பது ஒரு சிப்பின் பெயர் இல்லை. மென்பொருளும் வன்பொருளும் எந்தக் கட்டளைகளால் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதித்தொகுப்பின் பெயர். 2010-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் க்ரிஸ்டே அசனோவிச், ஆண்ட்ரூ வாட்டர்மன், யுன்சப் லீ ஆகியோர் ஆரம்பித்தார்கள், டேவிட் பேட்டர்சனும் சேர்ந்துகொண்டார். ஆராய்ச்சிக்கு ஒரு கட்டளைத்தொகுப்பு தேவைப்பட்டது. இன்டெல் வகையைத் தொட முடியாது, ஆர்மைத் தொட்டால் உரிமம் வாங்க வேண்டும். அதனால் தாங்களே எழுதினார்கள். 2015-இல் அதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைந்தது. 2020-இல் அது சுவிட்சர்லாந்தில் பதிவாகி ரிஸ்க்-ஃபைவ் இன்டர்நேஷனல் ஆனது. அந்த விதித்தொகுப்பை யாரும் எடுத்து, யாரிடமும் கேட்காமல், உரிமக் கட்டணம் இல்லாமல் சிப் செய்யலாம். திறந்திருப்பது இது. இவ்வளவுதான்.

இலக்கணம் எல்லோருக்கும் பொது. அந்த இலக்கணத்தில் எழுதிய கதை எழுதியவருக்குச் சொந்தம். அப்படித்தான் கோர் வடிவமைப்பும். பெர்க்லியின் ராக்கெட், சூரிக் இடிஎச் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிவிஏ6, ஐஐடி மெட்ராஸின் சக்தி, ஓப்பன்டைட்டன் என்ற பாதுகாப்புச் சிப் திட்டத்தில் இருக்கும் ஐபெக்ஸ், இவற்றின் மூலக்குறியீட்டை நாம் இறக்கிப் படிக்கலாம். ஆனால் பல போர்டுகளில் இருக்கும் சைஃபைவ் யு74 கோர் விலைக்கு உரிமம் தரப்படும் மூடிய வடிவமைப்பு. அதே கட்டளைத்தொகுப்பு, வேறு சொத்துரிமை.

அடுத்து கோரைச் சுற்றியிருக்கும் பாகங்கள். ரேம் கன்ட்ரோலர், பிசிஐஇ, யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, கிராபிக்ஸ் எல்லாம் வேறு வேறு நிறுவனங்களிடம் உரிமம் பெற்று ஒட்டியவை. ரிஸ்க்-ஃபைவ் விதிகள் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. உங்கள் போர்டு முடங்கியது இந்த அடுக்கில்தான் என்பது என் ஊகம். கோர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

கூர்முனை எழுதியது:

> திறந்திருப்பது இது. இவ்வளவுதான்.

எழுத்தாணி, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. உரிமக் கட்டணம் இல்லாததால் லாபம் யாருக்கு? சிப் செய்கிறவருக்கு. காசு கொடுத்து வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? ஆர்ம் போர்டில் எதையெல்லாம் அனுபவித்தோமோ, அதே பழைய கர்னல், அதே மூடிய கிராபிக்ஸ் டிரைவர்.

வேகத்தையும் பாருங்கள். யு74 ஒரு சுழற்சியில் இரண்டு கட்டளை எடுக்கும், ஆனால் வந்த வரிசையிலேயே செய்து முடிக்கும். நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பு வரத் தாமதமானால் பின்னால் நிற்பதும் காத்திருக்க வேண்டியதுதான். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற ஆர்ம் போர்டில் இருக்கும் கார்டெக்ஸ்-ஏ72 வரிசையை மாற்றிச் செய்யக்கூடியது. கடிகார வேகம் இரண்டிலும் 1.5 கிகாஹெர்ட்ஸ்தான். உலாவியில் நாலு பக்கம் திறந்தால் வித்தியாசம் கையில் தெரிகிறது.

விற்பனை அட்டையில் "திறந்த" என்று அச்சடிக்கும்போது எந்த அடுக்கு திறந்திருக்கிறது என்றும் அச்சடிக்க வேண்டும். செம்புக்கம்பி ஏமாந்ததில் அவர் தவறு எதுவும் இல்லை.

நிலவறை எழுதியது:

விவாதம் நடக்கட்டும். நான் போர்டைப் பார்க்கிறேன்.

செம்புக்கம்பி, திரை இருட்டாக இருப்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். இந்த வகைப் போர்டுகளில் எச்டிஎம்ஐ கடைசியாக எழுந்திருக்கும். முதலில் எழுவது சீரியல் போர்ட் (எழுத்துகளைக் கம்பி வழியே அனுப்பும் எளிய இணைப்பு). யுஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்று எடுங்கள், 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் சமிக்ஞை கொடுக்கும் கேபிளை மாட்டினால் சிப்பின் அந்தக் காலே போய்விடலாம். கிரவுண்டோடு கிரவுண்ட், கேபிளின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு. நான்காவதாகச் சிவப்பு ஒயர் ஒன்று இருக்கும், அதை எங்கேயும் மாட்டாதீர்கள். வேகம் 115200. அப்புறம் போர்டுக்கு மின்சாரம் கொடுங்கள்.

என்ன வரும் என்று சொல்லிவிடுகிறேன், எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க உதவும். சிப்புக்குள்ளேயே எரிக்கப்பட்ட சின்ன நிரல் முதலில் ஓடும். எஸ்டி கார்டா, ஃப்ளாஷா, இஎம்எம்சியா என்று போர்டில் உள்ள சிறு சுவிட்சுகளைப் பார்த்து அது முடிவு செய்யும். அடுத்தது எஸ்பிஎல், ரேமைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. அதன்பின் ஓப்பன்எஸ்பிஐ வரும், பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதிக்காட்டும். அடுத்து யு-பூட், கர்னலைத் தேடி ஏற்றுவது அது. கடைசியாகக் கர்னல்.

இதில் ஓப்பன்எஸ்பிஐ மட்டும் ரிஸ்க்-ஃபைவுக்கே உரியது. இந்தச் சிப்புகளில் மூன்று அதிகார நிலை உண்டு. எம் நிலையில் இருப்பவர் எதையும் செய்யலாம், எஸ் நிலை கர்னலுக்கு, யு நிலை நம் நிரல்களுக்கு. ஓப்பன்எஸ்பிஐ எம் நிலையிலேயே தங்கிவிடும். இன்னொரு கோரை எழுப்ப வேண்டும், போர்டை அணைக்க வேண்டும் என்றால் கர்னல் கீழே குரல் கொடுக்கும், அது செய்து தரும். அதன் மூலம் முழுக்கப் பொதுவில் இருக்கிறது. கூர்முனை கேட்ட "வாங்கியவருக்கு என்ன கிடைத்தது" என்பதற்கு இதை ஒரு பதிலாக வைத்துக்கொள்ளலாம். பல ஆர்ம் போர்டுகளில் இந்த இடத்தில் என்ன ஓடுகிறது என்றே நமக்குத் தெரியாது.

பதிவை அப்படியே ஒட்டுங்கள்.

செம்புக்கம்பி எழுதியது:

கேபிள் கிடைத்தது. மாட்டிப் பார்த்தேன், ஆச்சரியமாக இருக்கிறது! ஓப்பன்எஸ்பிஐ தன் பெயரை எழுதுகிறது. நான்கு கோர்களையும் எண்ணிக் காட்டுகிறது. யு-பூட் வருகிறது, மூன்று நொடி காத்திருக்கிறது, கார்டிலிருந்து கர்னலை ஏற்றுகிறது. "ஸ்டார்ட்டிங் கர்னல்" என்று ஒரு வரி. அதோடு சரி, பத்து நிமிடம் பார்த்தும் ஒன்றும் இல்லை.

செத்துவிட்டது என்று நினைத்த போர்டு இவ்வளவு பேசிக்கொண்டிருக்கிறது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

நிலவறை எழுதியது:

மிக நல்ல செய்தி. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

யு-பூட் எண்ணும் அந்த மூன்று நொடிக்குள் ஒரு விசையை அழுத்தி நிறுத்துங்கள். கர்னலுக்குப் போகும் வரியில் "ஏர்லிகான்=எஸ்பிஐ" என்று சேர்த்துப் பூட் செய்யுங்கள் (எல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது). சீரியல் டிரைவர் எழுவதற்கு முன்பே கர்னல் ஓப்பன்எஸ்பிஐ வழியாகப் பேச ஆரம்பித்துவிடும். அப்போது எந்த வரியில் நிற்கிறது என்று தெரியும்.

எனக்கு இருக்கும் சந்தேகம் டிவைஸ் ட்ரீ. மேசைக் கணினியில் எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை பயாஸ் கொடுத்துவிடும், பிசிஐஇ சாதனங்கள் தாங்களாகவே பெயர் சொல்லும். இந்த மாதிரி போர்டில் அப்படி இல்லை. இந்த முகவரியில் சீரியல், இந்த முகவரியில் நெட்வொர்க், அதற்கு இந்தக் கடிகாரம், இந்த ரீசெட் ஒயர் என்று ஒரு கோப்பில் எழுதிக் கர்னலின் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் டிவைஸ் ட்ரீ.

இப்போது நடந்திருக்கக்கூடியது: விற்றவர்கள் தங்கள் கர்னலுக்குத் தகுந்த டிவைஸ் ட்ரீயை எழுதி வைத்திருந்தார்கள். அதே டிரைவர்கள் மெயின்லைன் கர்னலுக்கு (எல்லோருக்கும் பொதுவான, அதிகாரபூர்வ லினக்ஸ் கர்னல்) போகும்போது அங்கே பரிசீலிப்பவர்கள் பெயர்களை மாற்றச் சொல்வார்கள், கடிகாரங்களைப் பிரித்து எழுதச் சொல்வார்கள். மெயின்லைனில் ஏறியது வேறு வடிவம். உங்கள் அப்டேட் புதிய கர்னலைக் கொண்டுவந்தது, யு-பூட் கொடுப்பது இன்னும் பழைய டிவைஸ் ட்ரீ. புது ஆளிடம் பழைய வீட்டு வரைபடத்தைக் கொடுத்த மாதிரி. சீரியலுக்கான கடிகாரத்தைத் தேடி அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நீங்கள் சொன்ன சிப்புக்கு (தனிமடலில் பார்த்தேன்) மெயின்லைனில் நல்ல ஆதரவு இருக்கிறது. கர்னல் மூலத்தில் ரிஸ்க்-ஃபைவ் அடைவுக்குள் டிவைஸ் ட்ரீ அடைவில் உங்கள் போர்டின் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓரிருபைட் எழுதியது:

இழைக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் வருகிறேன். இதே கேள்விக்கு இன்னொரு முகம் இருக்கிறது.

நான் ஒரு பட நூலகத்தைப் பல சிப்புகளுக்குக் கம்பைல் செய்து கொடுக்கிறேன். ஒரு ரிஸ்க்-ஃபைவ் போர்டில் சோதித்தது இன்னொன்றில் "செல்லாத கட்டளை" என்று சொல்லி விழுந்துவிடும். காரணம், ரிஸ்க்-ஃபைவின் அடிப்படை மிகச் சிறியது. 32-பிட் அடிப்படைத் தொகுப்பில் சுமார் 40 கட்டளைகள்தான். பெருக்கல்கூட அதில் கிடையாது! எம் என்றால் பெருக்கல் வகுத்தல், ஏ என்றால் பகுக்க முடியாத நினைவகச் செயல்கள், எஃப், டி இரண்டும் தசமக் கணக்குக்கு, சி என்றால் 16-பிட்டில் சுருக்கிய கட்டளைகள். லினக்ஸ் ஓடும் போர்டுகள் எல்லாம் இவை அனைத்தும் சேர்ந்த ஆர்வி64ஜிசி. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் வெக்டரில், அதாவது ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் விரிவில். வெக்டர் விரிவின் 1.0 பதிப்பு 2021-இன் இறுதியில்தான் உறுதியானது. அதற்கு முன்பே 0.7.1 என்ற வரைவை வைத்துச் சிப் அடித்துவிட்டார்கள். சீன நிறுவனமான டி-ஹெட்டின் சி906, சி910 கோர்கள் அப்படிப்பட்டவை. ஆல்வின்னர் டி1 போர்டுகள், டிஎச்1520 வைத்த லிச்சி பை 4ஏ, 64 கோர் எஸ்ஜி2042 எல்லாம் இந்த வரிசை. 0.7.1-உம் 1.0-உம் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒரே வேலைக்கு எழுதிய இருமக் குறியீடு அங்கே ஓடினால் இங்கே ஓடாது. பிறகு வந்த ஸ்பேஸ்மிட் கே1 (பனானா பை எஃப்3-இல் இருப்பது) 1.0-ஐச் சரியாகச் செய்திருக்கிறது, 256 பிட் அகலத்தில்.

என் நூலகத்தில் இப்போது மூன்று பாதை. வெக்டர் இல்லாத பாதை, 1.0 பாதை, எதுவுமே நம்ப முடியாதபோது போகும் பாதை. எது இருக்கிறது என்று கர்னலிடம் கேட்க லினக்ஸ் 6.4 முதல் ஒரு தனி அழைப்பு உண்டு. அதற்கு முந்தைய கர்னலில் சிபியு விவர வரியைப் படித்து ஊகிக்க வேண்டியதுதான். விற்றவர்கள் பழைய கர்னலிலேயே விட்டுவிட்டால் அந்த ஊகம் என் தலையில் விழுகிறது.

கூர்முனை எழுதியது:

ஓரிருபைட் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே டி-ஹெட் கோர்களில், பக்க அட்டவணையில் (நிரல் கேட்கும் முகவரியை நிஜ நினைவக முகவரியாக மாற்றும் பட்டியல்) "எதிர்காலத்துக்கு ஒதுக்கியது" என்று விதி சொன்ன பிட்டுகளை நினைவகத் தன்மையைக் குறிக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். பின்னால் அதே வேலைக்குத் தரநிலை வேறு வடிவம் தந்தது. கர்னலில் இன்றைக்கும் அது பிழைத்திருத்தம் என்ற பெயரில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. இதுதானா தரநிலை?

அடுத்தது, லினக்ஸ் வெளியீடான உபுண்டு 25.10, ஆர்விஏ23 (ஒரு சிப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய விரிவுகளின் பட்டியல்) இல்லாத சிப்பில் ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். ஆர்விஏ23 உறுதியானதே 2024 அக்டோபரில். வெக்டர் கட்டாயம், ஹைப்பர்வைசர் (ஒரே கணினியில் பல இயங்குதளங்களை ஓட்டும் வசதி) கட்டாயம். அதைப் பூர்த்தி செய்யும் போர்டு அந்த நேரத்தில் மேசையில் வைக்க ஒன்றுகூட இல்லை. நேற்று வாங்கிய போர்டுக்கு இன்று கதவடைப்பு. இதைச் செய்தது மூடிய நிறுவனம் என்றால் நாம் சும்மா இருப்போமா?

எழுத்தாணி எழுதியது:

> இதுதானா தரநிலை?

பிட்டுகள் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஒதுக்கியதைத் தொட்டது தவறுதான். அவசரமாகச் சிப் அடிக்க வேண்டியிருந்தது, தரநிலை தயாராக இல்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அதன் சுமையைக் கர்னலைப் பராமரிப்பவர்கள் சுமக்கிறார்கள்.

உபுண்டு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. ராஸ்பெரி பையின் முதல் போர்டு 2012-இல் வந்தபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? அதிலிருந்த ஆர்ம்11 சிப் ஆர்ம்வி6 வகை. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் வன்தசமப் பதிப்பு (தசமக் கணக்கைச் சிப்பின் பாகத்திலேயே செய்வது) ஆர்ம்வி7-ஐ எதிர்பார்த்தது. மென்தசமப் பதிப்பு ஓடும், ஆனால் கணக்கு போடும் பாகம் சும்மா கிடக்கும். கடைசியில் தன்னார்வலர்கள் டெபியன் முழுவதையும் அந்தச் சிப்புக்காக மறுபடியும் கம்பைல் செய்தார்கள். ராஸ்பியன் பிறந்தது அப்படித்தான். ஆர்மும் இந்த வழியில்தான் நடந்து வந்தது. ஓர் உரிமையாளர் இருந்தும் நடந்தது.

எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டே ஆக வேண்டும். கோடு இல்லாவிட்டால் ஓரிருபைட் மாதிரி ஒவ்வொருவரும் மூன்று பாதை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்விஏ23 அந்தக் கோடு. "இந்தப் பெயர் அட்டையில் இருந்தால் இவை எல்லாம் உள்ளே உண்டு" என்று ஒரே சொல்லில் சொல்ல முடிகிறது. இதுவரை அது முடியவில்லை.

பழைய போர்டு குப்பைக்குப் போகவும் இல்லை. உபுண்டு 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பு அப்படியே தொடர்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 முதல்முறையாக ரிஸ்க்-ஃபைவை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது, அதற்கு ஆர்வி64ஜிசி போதும். லினக்ஸ் கர்னலில் ரிஸ்க்-ஃபைவ் நுழைந்ததே 2018 ஜனவரியில், 4.15-இல். ஏழு ஆண்டுகளில் டெபியனின் முதல் வரிசைக்கு வந்திருக்கிறது. செம்புக்கம்பியின் போர்டுக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது.

கோடு போட்ட நேரம் சரியா என்று கேட்டால், போர்டுகள் கைக்கு வந்தபின் போட்டிருக்கலாம் என்றுதான் நானும் சொல்வேன்.

மூன்றாம்முள் எழுதியது:

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லை. டிஎச்1520, எஸ்ஜி2042 போர்டு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் சிஸ்பா ஆய்வு மையத்தினர் கோஸ்ட்ரைட் என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். சி910 கோரின் வெக்டர் எழுத்துக் கட்டளை ஒன்று பக்க அட்டவணையைக் கேட்காமல் நேரடியாக நிஜ நினைவக முகவரியில் எழுதிவிடுகிறது. சாதாரணப் பயனர் நிரல் ஒன்று கர்னலின் நினைவகத்தில் எழுத முடியும். சிப்பில் செதுக்கியாகிவிட்டது, மென்பொருளால் ஒட்டுப்போட முடியாது. வெக்டர் பாகத்தையே அணைத்து வைப்பதுதான் வழி. வெக்டருக்காக அந்தப் போர்டை வாங்கியவர்களுக்கு அது பெரிய இழப்பு.

இது அந்தக் கோரின் பிழை, ரிஸ்க்-ஃபைவ் விதியின் பிழை இல்லை. ஆனால் எனக்கு இதில் பிடித்தது கண்டுபிடித்த விதம். ஒரே கட்டளையைப் பல நிறுவனங்களின் ரிஸ்க்-ஃபைவ் சிப்புகளில் ஓடவிட்டு, விடைகள் எங்கே மாறுகின்றன என்று ஒப்பிட்டார்கள். ஒரு சிப் மட்டும் வேறு விடை சொன்னால் அங்கே தோண்டினார்கள். ஒரே விதியை வைத்து இத்தனை பேர் தனித்தனியாகச் சிப் செய்திருப்பதால்தான் இப்படி ஒப்பிட முடிந்தது. கூர்முனை, வாங்குபவருக்கு என்ன லாபம் என்று கேட்டீர்களே, இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூர்முனை எழுதியது:

சேர்த்துக்கொள்கிறேன். ஒப்பிட்டுப் பிடித்தார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனாலும் வெக்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் வாங்கியவர்தான் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

விதைநெல் எழுதியது:

நான் கணினி அமைப்பு பாடம் நடத்துகிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு ரிஸ்க்-ஃபைவே வேண்டாம் என்று யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன் மாணவர்களுக்கு இன்டெல் கட்டளைகளைக் காட்டினால் முதல் வாரமே கண் சொருகிவிடும். ஒன்றிலிருந்து பதினைந்து பைட் வரை எந்த நீளத்திலும் கட்டளை வரும், பழைய காலத்தின் மிச்சங்கள் ஒவ்வொரு மூலையிலும். ரிஸ்க்-ஃபைவில் அடிப்படைத் தொகுப்பை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கிறேன். எக்ஸ்0 என்ற பதிவகம் எப்போதும் பூஜ்யம், அதில் எதை எழுதினாலும் பூஜ்யம்தான். "இது எதற்கு, வீண்தானே?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். நகர்த்துவதற்குத் தனிக் கட்டளை இல்லை, பூஜ்யத்தைக் கூட்டினால் போதும் என்று காட்டும்போது அந்த முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை விடாமல் நடத்துகிறேன். ஒரு பருவம் முடிவதற்குள் பெரும்பாலானவர்கள் தாங்களே ஒரு எமுலேட்டர் (சிப்பைப் போலவே நடிக்கும் நிரல்) எழுதிவிடுகிறார்கள். சிலர் எஃப்பிஜிஏவில் (உள்ளே சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) கோரே கட்டுகிறார்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, கட்டியதை இணையத்தில் வைக்கவும் பயப்பட வேண்டியதில்லை.

தொடங்குகிறவர்களுக்கு லினக்ஸ் போர்டு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். க்யூஇஎம்யு என்ற எமுலேட்டரில் ஒரு காசு செலவில்லாமல் ஓடும். கையில் தொட்டுப் பார்க்க மைக்ரோகன்ட்ரோலர் போதும். இஎஸ்பி32-சி3-க்குள் 160 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது ரிஸ்க்-ஃபைவ் கோர்தான், பலருக்கு அது தெரியாமலேயே வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது. 2024-இல் வந்த ராஸ்பெரி பை பிகோ 2 இன்னும் நல்லது. அதன் ஆர்பி2350 சிப்பில் இரண்டு கார்டெக்ஸ்-எம்33 கோரும் இரண்டு ஹாசார்ட்3 கோரும் இருக்கின்றன. ஹாசார்ட்3 ரிஸ்க்-ஃபைவ். பூட் ஆகும்போது எந்த வகை வேண்டும் என்று நாமே தேர்வு செய்யலாம். ஒரே சி நிரலை இரண்டு பக்கமும் கம்பைல் செய்து, வெளிவந்த கட்டளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் படிக்கிறோம். ஹாசார்ட்3-இன் வன்பொருள் மூலமும் பொதுவில் கிடைக்கிறது. கையில் இருக்கும் கோர் இந்தச் சுழற்சியில் என்ன செய்கிறது என்று அதன் மூலத்தைத் திறந்து வரி வரியாகப் பார்க்கலாம். செம்புக்கம்பி, உங்கள் தலைப்புக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் இடம் அதுதான்.

செம்புக்கம்பி எழுதியது:

நண்பர்களே, போர்டு எழுந்துவிட்டது!

நிலவறை சொன்ன வரியைச் சேர்த்ததும் கர்னல் பேச ஆரம்பித்தது. சீரியல் கடிகாரம் கிடைக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. நீங்கள் ஊகித்த அதே இடம். மெயின்லைன் கர்னல் மூலத்தை இறக்கினேன், என் போர்டின் கோப்பு அதில் இருந்தது. டிவைஸ் ட்ரீயைக் கம்பைல் செய்து கார்டில் வைத்து, யு-பூட்டிடம் பழையதை விட்டுவிட்டு இதை எடு என்று சொன்னேன். முதல் பூட்டிலேயே உள்நுழைவு வரி வந்தது. அதன்பின் டெபியன் 13-ஐ முழுதாக நிறுவினேன்.

இப்போதைய நிலை: நெட்வொர்க், யுஎஸ்பி, எம்.2 வட்டு மூன்றும் வேலை செய்கின்றன. கிராபிக்ஸ் இல்லை. எச்டிஎம்ஐயில் படம் வரவில்லை. என் பயன்பாட்டுக்கு அது தேவையும் இல்லை, எல்லாவற்றையும் எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியே உள்நுழையும் முறை) வழியாகச் செய்கிறேன். நான்கு நாளாக நிற்காமல் ஓடுகிறது.

ஒரு சின்ன விஷயம் மட்டும் உறுத்துகிறது. நிலையைக் காட்டும் எல்இடி தலைகீழாக எரிகிறது. எரிய வேண்டிய நேரத்தில் அணைந்திருக்கிறது. டிவைஸ் ட்ரீயைத் திறந்து பார்த்தேன், அந்தக் காலின் திசை தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சொல்லை மாற்றினேன், சரியாகிவிட்டது. இதை எங்கே சொல்வது?

நிலவறை எழுதியது:

அதை அப்படியே பேட்சாக (திருத்தக் கோப்பாக) மெயின்லைனுக்கு அனுப்புங்கள். மூலத்தில் இருக்கும் பராமரிப்பாளர் பட்டியலில் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சின்ன நிரல் சொல்லும். எந்த மாற்றத்தில் தவறு நுழைந்ததோ அதைக் குறிப்பிடும் வரியையும் உங்கள் ஒப்பத்தையும் மறக்காமல் போடுங்கள். ஒரு சொல் மாற்றம் என்று தயங்க வேண்டாம். அந்தப் போர்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் அடுத்த கர்னலில் விளக்கு சரியாக எரியும்.

கூர்முனைக்கும் இதைச் சொல்ல நினைத்தேன். போர்டு வாங்குவதற்கு முன் நான் பார்ப்பது இரண்டே விஷயம். மெயின்லைன் கர்னலில் அந்தப் போர்டின் டிவைஸ் ட்ரீ இருக்கிறதா, அதைக் கடைசியாகத் திருத்தியவர் விற்கும் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவரா. இரண்டாவதுக்கு "ஆம்" என்றால் விற்றவர் கடையை மூடினாலும் போர்டு ஓடும். கோர் எண்ணிக்கையையும் கிகாஹெர்ட்ஸையும் அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

கூர்முனை எழுதியது:

இந்த இரண்டாவது கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. என்னிடம் இருக்கும் மூன்று ஆர்ம் போர்டுகளையும் இப்போது அதே அளவுகோலில் பார்த்தேன். ஒன்றுக்கு மெயின்லைனில் கோப்பே இல்லை. ஆக, என் கோபம் பாதி இடம் மாறி விழுந்திருக்கிறது. கிராபிக்ஸ் டிரைவர் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன். திரை இல்லாத போர்டை மேசைக் கணினி என்று விற்கக் கூடாது.

செம்புக்கம்பி எழுதியது:

பேட்ச் அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மாற்றம் சரி, ஆனால் விளக்கத்தில் போர்டின் எந்தப் பதிப்பில் சோதித்தேன் என்று எழுதச் சொன்னார்கள். போர்டின் அடியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்து எழுதி, இரண்டாம் பதிப்பை இப்போதுதான் அனுப்பினேன். எல்இடி ஒழுங்காக எரிகிறது.